நீளமான, அரிதான சொற்களுக்கு எதுகையும் இயைபும் பிடிப்பது எப்படி?

இலைநரம்பு:
வணக்கம். பள்ளிப் பிள்ளைகள் பாடுவதற்காக அறிவியல் பாடல்கள் எழுதுகிறேன். மெட்டு ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது, அதற்குள் வரிகளை உட்கார வைக்க வேண்டும். கட்டாயம் வரவேண்டிய சொற்கள் நான்கு: ஒளிச்சேர்க்கை, செயற்கைக்கோள், வண்ணத்துப்பூச்சி, ஆக்சிஜன். முதல் பாட்டில் சரணத்தின் ஒவ்வொரு அடியும் 'தனந்தானா' என்று முடிகிறது. 'ஒளிச்சேர்க்கை' அதில் கச்சிதமாக உட்காருகிறது. ஆனால் அடுத்த அடியின் ஈற்றில் 'வாழ்க்கை' போட்டால் பாதி ஒட்டி பாதி ஒட்டாமல் நிற்கிறது. இப்படிப்பட்ட சொற்களுக்கு எதுகையோ (அடிகளின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்து ஒன்றுவது) இயைபோ (அடிகளின் ஈறு ஒன்றுவது) தேட ஏதாவது முறை இருக்கிறதா? பாட்டோடு கூடவே ஒரு குறளும் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள், அதற்கும் வழி சொன்னால் நல்லது.

தேமாங்காய்:
முதலில் பயத்தைப் போக்கிவிடலாம். எதுகைக்குச் சொல்லின் நீளம் ஒரு பொருட்டே இல்லை. முதல் எழுத்து குறிலா நெடிலா, இரண்டாம் எழுத்து எது, இந்த இரண்டைத்தான் பார்க்க வேண்டும். ஆறெழுத்துச் சொல்லானாலும் மீதி நான்கெழுத்து கணக்கிலேயே வராது.

ஒளிச்சேர்க்கை: குறில் + ளி. துளி, வெளி, கிளி, களி, உளி, வளி, தெளிவு, குளிர், தளிர், நெளிவு, எளிது, பளிங்கு.
செயற்கைக்கோள்: குறில் + ய. இயற்கை, பயணம், வயல், புயல், கயல், மயக்கம், உயரம்.
வண்ணத்துப்பூச்சி: குறில் + ண். எண்ணம், கிண்ணம், திண்ணை, வெண்ணெய், மண், விண்.
ஆக்சிஜன்: நெடில் + க். மூக்கு, நாக்கு, காக்கை, தூக்கம், ஏக்கம், தேக்கு, பூக்கும்.

முதல் எழுத்தின் அளவு மாறினால் எதுகை செத்துவிடும். 'பட்டு'க்குப் 'பாட்டு' எதுகை ஆகாது. புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. இரண்டாம் எழுத்து ஒத்திருப்பதால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும், காதுக்குத் தாளம் தட்டும்.

வெறும் இரண்டாம் எழுத்து ஒன்றினால் அது இடையாகு எதுகை. முதல் எழுத்து தவிர சீர் முழுவதும் ஒன்றினால் தலையாகு எதுகை. நீளமான சொல்லுக்கு நீங்கள் ஆசைப்படுவது இந்த இரண்டாவதைத்தான். 'செயற்கை'க்கு 'இயற்கை' கிடைத்தது பெரும் அதிர்ஷ்டம்: யற்கை மொத்தமும் ஒன்றுகிறது, பொருளும் எதிரெதிராக நிற்கிறது. அப்படி ஒரு ஜோடி கிடைத்தால் அடியின் முதலிலேயே வையுங்கள், நடுவில் போட்டு வீணாக்காதீர்கள்.

நிகண்டு வாசகி:
இதற்கென்றே நம்மிடம் பழைய கருவிகள் இருக்கின்றன. வீரமாமுனிவர் 1732இல் முடித்த சதுரகராதியின் நான்கு பகுதிகள் பெயர், பொருள், தொகை, தொடை. அந்தத் தொடையகராதி எதுகை தேடுபவர்களுக்காகவே எதுகை வரிசையில் அடுக்கப்பட்டது. அதற்கு முன்பே சூடாமணி நிகண்டின் (செய்யுளில் அமைந்த பழைய சொற்பொருள் நூல்) பதினோராம் தொகுதி ககர எதுகை, ஙகர எதுகை என்று இரண்டாம் எழுத்தை வைத்து அடுக்கப்பட்டிருக்கிறது. அதிலும் ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்லும் தொகுதி அது. ஆக, எதுகையும் கிடைக்கும், அந்தச் சொல்லை வேறு எந்தப் பொருளில் ஆளலாம் என்பதும் அதே இடத்தில் கிடைக்கும்.

இரண்டும் இணையத்தில் படக்கோப்பாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பாதிச் சொற்கள் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. எதுகை கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் அகராதியைத் திறந்தால்தான் விளங்கும் சொல்லைப் பாட்டில் வைத்துவிடாதீர்கள். அரிதான சொல் அடிக்கு ஒன்று போதும். அதற்கு இணையாக வருவது நாள்தோறும் வாயில் புழங்கும் சொல்லாக இருந்தால்தான் அந்த அரிய சொல்லே துலங்கும்.

மெட்டுக்காரர்:
எதுகைப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் கேள்வி ஈற்றைப் பற்றியது. பாட்டில் காது காத்திருப்பது அடியின் கடைசியில்தான், ஏனென்றால் மெட்டு அங்கேதான் நின்று மூச்சு வாங்குகிறது.

'சேர்க்கை–வாழ்க்கை' ஏன் ஒட்டவில்லை என்று பாருங்கள். இரண்டிலும் பொதுவாக இருப்பது 'க்கை' மட்டும். அதற்கு முந்தைய நெடில் ஒன்றில் ஏ, மற்றதில் ஆ. ஒற்று ஒன்றில் ர், மற்றதில் ழ். மெட்டில் நீளுவது அந்த நெடில்தான், 'சேஏஏர்க்கை' என்று. நீளுகிற இடம் வேறாகவும் ஓடிப்போகிற இடம் ஒன்றாகவும் இருந்தால் அது இயைபு போலப் படாது. குறைந்தது 'ர்க்' ஒன்ற வேண்டும், நெடிலும் ஒன்றினால் முழு இயைபு.

அகராதியில் 'ஏர்க்கை' என்று முடியும் சொல் தேடினால் கை வறண்டுபோகும். இரண்டு வழி உண்டு.

ஒன்று, தொகைச்சொல் கட்டுவது. வேர் + கை = வேர்க்கை. நீர்க்குடம், தேர்க்கால் போலப் புணர்ச்சியும் சரி. 'வேரின் கை' என்ற உருவகம் இலைப் பாட்டுக்குப் பொருந்தவும் செய்கிறது. ஆனால் ஒரு பாட்டில் ஒரு முறைதான் இது செல்லும்.

இரண்டு, வினையைக் கூப்பிடுவது. சொல்லின் ஈற்றில் வரும் ஐ, ஐகாரக் குறுக்கமாகி ஒரு மாத்திரைதான் ஒலிக்கும். பாடும்போது 'சேர்க்கை'யின் 'கை' கிட்டத்தட்ட 'க' அளவுக்குக் குறுகிவிடும். அதனால் ஈர்க்க, வார்க்க, தீர்க்க, கோர்க்க, பார்க்க, வேர்க்க எல்லாம் உங்களுக்கு வாசல் திறக்கின்றன. எழுத்தில் பார்த்தால் 'கை–க' ஒன்றாது. வாயில் ஒன்றும்.

ஒற்றெழுத்து:
> 'கை' கிட்டத்தட்ட 'க' அளவுக்குக் குறுகிவிடும்

அந்த அசையில் மெட்டு நிற்காதவரை சரி. இசையமைப்பாளர் கடைசி அசையைத் தூக்கி இரண்டு அட்சரம் இழுத்தால் 'கையய்' என்று ஐ முழுசாக வெளியே வந்துவிடும், அப்போது 'ஈர்க்கஅஅ' தனியாகத் தெரியும். 'தனந்தானா'வில் நீளுவது 'தா'வா, கடைசி 'னா'வா?

இலைநரம்பு:
'தா' நீளுகிறது. 'னா' தட்டிவிட்டுப் போகிறது.

ஒற்றெழுத்து:
அப்படியானால் மெட்டுக்காரர் சொன்னது வேலை செய்யும்.

புள்ளிக்கணக்கு:
தேடுவதை எந்திரத்திடம் விடலாம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் (1924–1936, 6 தொகுதி) ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தலைச்சொற்கள் கொண்டது. அதன் சொற்பட்டியலையோ வேறு எந்தத் தமிழ்ச் சொற்பட்டியலையோ வரிக்கு ஒன்றாக லிப்ரே ஆபிஸ் கால்க்கிலோ கூகுள் ஷீட்ஸிலோ போட்டுக்கொண்டு, ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து அமைப்பைக் குறியாகக் கொடுத்துத் தேடும் முறை) வைத்துத் தேடுங்கள்.

குறில் + ளி எதுகைக்கு:
^([அஇஉஎஒ]|[க-ஹ][ிுெொ]?)ளி

நெடில் + க் எதுகைக்கு (ஆக்சிஜன்):
^([ஆஈஊஏஓஐஔ]|[க-ஹ][ாீூேோைௌ])க்

ஈற்று இயைபுக்கு ('பிரபஞ்சம்' போன்றவை):
ஞ்சம்$

கடைசியதைப் போட்டால் நெஞ்சம், மஞ்சம், தஞ்சம், வஞ்சம், கொஞ்சம், பஞ்சம், லஞ்சம் என்று கொட்டும்.

தப்பு நடக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, 'இரண்டாம் எழுத்து' என்று எண்ணி இரண்டு இடம் தள்ளித் தேடுவது. 'துளி' நமக்கு இரண்டெழுத்து, கணினிக்கு நான்கு குறி: த, உகரக் குறி, ள, இகரக் குறி. அதனால்தான் மேலே உயிர்க்குறிகளைத் தனி அடைப்பில் கொடுத்து, பின்னால் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அகரம் ஏறிய எழுத்துக்குக் குறியே கிடையாது. அந்தக் கேள்விக்குறியை விட்டுவிட்டால் 'களி', 'வளி', 'தளிர்' எல்லாம் வலையில் விழாமல் போய்விடும்.

இரண்டாவது, ஒகரம். 'கொ' சில கோப்புகளில் ஒரே கொம்புக்கால் குறியாகவும், சிலவற்றில் கொம்பு தனி, கால் தனியாகவும் பதிவாகியிருக்கும். திரையில் வித்தியாசம் தெரியாது. தேடும் முன் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சொல்லைத் தலைகீழாகத் திருப்பி அகரவரிசைப்படுத்தி இயைபு பார்ப்பது. ஆங்கிலத்துக்குச் சரியாக வரும். தமிழில் உயிர்க்குறி மெய்யை விட்டு நகர்ந்து அடுத்த எழுத்தில் ஏறிக்கொள்ளும். மேலே உள்ளபடி ஈற்றுக் குறி ($) போட்டுத் தேடுவதே போதும்.

இன்னொன்று: அகராதியில் 'ஈர்க்க', 'வார்க்க' இருக்காது. வினைகள் பகுதியாகத்தான் இருக்கும். நெடில் + ர் என்று முடியும் ஓரசைச் சொற்களைத் தேடி (ஈர், வார், தீர், சேர், பார், கோர், வேர்) 'க்க' நீங்கள் ஏற்ற வேண்டும்.

நிகண்டு வாசகி:
நீங்கள் சொன்ன கடைசி வரிதான் தமிழில் இயைபு தேடுவதன் உயிர்நாடி. அகராதியில் இருப்பது கால்வாசி. மீதி முக்கால்வாசி உருபிலும் விகுதியிலும் இருக்கிறது.

'வண்ணத்துப்பூச்சி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஊச்சி' என்று முடியும் புழக்கச் சொல் தேடி அலைய வேண்டாம். ஓர் ஏகாரம் சேருங்கள்: பூச்சியே. இப்போது 'மூச்சிலே' எதிரே வந்து நிற்கிறது. ஊச்சி மொத்தமும் ஒன்றிவிட்டது. கொஞ்சம் தளர்த்தினால் பேச்சிலே, வீச்சிலே, நீச்சலே. அதேபோல 'செயற்கைக்கோள்' தனியாக நின்றால் தோள், நாள், தாள், வேண்டுகோள், குறிக்கோள். 'இல்' சேர்த்தால் தோளில், நாளில், தாளில். 'பிரபஞ்சம்' அத்துச்சாரியை ஏற்றால் பிரபஞ்சத்தில், நெஞ்சத்தில்.

எச்சரிக்கை ஒன்று. உருபு மட்டும் ஒன்றினால் அது இயைபு என்று எண்ணிவிடாதீர்கள். 'வானத்தில்–பள்ளத்தில்' என்பதில் ஒன்றுவது 'அத்தில்' மட்டும். அது எல்லா மகர ஈற்றுச் சொல்லுக்கும் இலவசமாகக் கிடைப்பது. காது அதை இயைபாக எண்ணாது. உருபுக்கு முன்னால் இருக்கும் எழுத்து ஒன்ற வேண்டும்: நெஞ்சத்தில்–மஞ்சத்தில், வானத்தில்–கானத்தில். '-கிறது', '-கிறான்' என்று வினைமுற்றில் முடிக்கும் அடிகளுக்கும் இதே குறைதான். நம் வாக்கியம் இயல்பாகவே வினையில் முடிவதால் அது சோம்பல் இயைபாகிவிடும்.

தேமாங்காய்:
அருமை. இதோடு கோள்–கோல் எச்சரிக்கையும். 'செயற்கைக்கோள்' எதிரே 'அளவுகோல்' வைத்தால் அது ள்–ல் வேறுபாடு. பாடும்போது மறைந்துவிடும் என்பார்கள். பிள்ளைகள் பாடப்போகும் பாட்டு இது. ளகரத்தையும் லகரத்தையும் பிரித்துச் சொல்லப் பழகும் வயதில் இரண்டையும் ஒன்றென்று காட்ட வேண்டாம்.

மெட்டுக்காரர்:
அதில் நான் உடன்படுகிறேன். ஆனால் பொதுவாகப் பாடலில் ல–ள–ழ கலப்பதைத் தவறென்று சொல்ல முடியாது. யாப்பே இன எதுகைக்கு (இரண்டாம் எழுத்து அதே இனமாக இருந்தால் போதும் என்பது) இடம் தருகிறதே.

தேமாங்காய்:
இடம் தருகிறது, ஆனால் வரம்போடு. ல, ள, ழ மூன்றும் இடையினம், அதனால் 'கலை–களை–கழை' இன எதுகை. பலரும் கவனிக்காதது ர–ற. ர இடையினம், ற வல்லினம். ஒலி நெருங்கியிருப்பதால் 'மரம்–அறம்' எதுகை போலப் படும். இலக்கணத்தில் அது இன எதுகைகூட ஆகாது. அதாவது காதுக்கு மிக நெருக்கமான ஜோடிதான் யாப்புக்கு மிகத் தூரம். வெண்பாவில் கண்டிப்பாகக் கூடாது. பாட்டில் உங்கள் விருப்பம், நான் செய்யமாட்டேன்.

மெட்டுக்காரர்:
நான் செய்வேன். 'ர' 'ற' இரண்டும் ஒற்றில்லாமல் வரும்போது பெரும்பாலானவர் வாயில் ஒரே ஒலி. கேட்பவர் எழுத்துக் கூட்டிப் பார்த்துக்கொண்டு பாட்டுக் கேட்பதில்லை. 'ற்ற'வாக வந்தால் நானும் தொடமாட்டேன்.

அதைவிடப் பெரிய கோளாறு பிறமொழிச் சொல்லில் இருக்கிறது. எழுத்தில் ஒன்றும், ஒலியில் ஒன்றாது. 'காபி–சாபம்' பக்கத்தில் பார்த்தால் நெடில் + பகரம், எதுகை போலவே தெரியும். வாயில் காபியின் 'பி' காற்றாக வருகிறது, சாபத்தின் 'ப' உதடு மூடி அதிர்ந்து வருகிறது. தமிழ் எழுத்து இந்த வேறுபாட்டைக் காட்டாது. ஆகவே கடன்சொல் வந்தால் முதலில் சொல்லிப் பாருங்கள், பிறகு எழுதிப் பாருங்கள். 'ஆக்சிஜன்' இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை: 'ஆக்'கும் 'மூக்'கும் வாயிலும் ஒன்றுகின்றன. ஈற்றில் மட்டும் அதை வைக்காதீர்கள், 'சிஜன்' என்பதற்கு நேர்மையான இணை இல்லை. அடியின் முதலில் 'ஆக்சிஜன்', அடுத்த அடியின் முதலில் 'மூக்கின்வழி' என்று போய்விடுங்கள்.

ஒற்றெழுத்து:
ஈற்றில் வைத்தே ஆகவேண்டிய கடன்சொல்லாக இருந்தால் இரண்டு சொல்லைச் சேர்த்து இணை கட்டலாம். 'ஜிகர்தண்டா'வுக்கு வண்டா, செண்டா, உண்டா, கண்டா என்று வினா ஆகாரம் வரிசையாக வரும். 'பிரியாணி'க்கு ராணி, தோணி, ஏணி. அவற்றில் 'ராணி' மட்டும்தான் 'ஆணி' முழுதும் ஒன்றுவது.

ஆய்தம் இரண்டாம் எழுத்தாக வந்தால்தான் உண்மையான பஞ்சம். எஃகு, அஃகு, வெஃகு, இஃது, அஃது, கஃசு என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். வள்ளுவர் 175ஆம் குறளில் அஃகி–வெஃகி, 178இல் அஃகாமை–வெஃகாமை என்று ஒரே அதிகாரத்தில் அந்தப் பஞ்சத்தைத் தலையாகு எதுகையாகவே கடந்திருக்கிறார். அதிகாரத் தலைப்பே 'வெஃகாமை' என்பதால் அவருக்கும் உங்களைப் போலக் கட்டாயச் சொல்!

இலைநரம்பு:
எல்லோருக்கும் நன்றி. குறள் முயற்சி:

ஒளிச்சேர்க்கை செய்யும் உலையாம் இலைக்குத்
துளிநீரும் காற்றும் விருந்து.

தளை (சீரும் சீரும் சேரும் முறை) சரியா?

தேமாங்காய்:
சரி. அலகிட்டு, அதாவது சீர்களை நேர், நிரை என்ற அசைகளாகப் பிரித்துக் காட்டுகிறேன். தேமா, புளிமாங்காய் போன்றவை சீர்களின் வாய்பாடுகள்; மா, காய் என்பவை அவற்றின் ஈறு.

ஒளிச்/சேர்க்/கை – நிரை நேர் நேர், புளிமாங்காய். காய் முன் நேர் வரவேண்டும், 'செய்' வந்தது.
செய்/யும் – தேமா. மா முன் நிரை, 'உலை' வந்தது.
உலை/யாம் – புளிமா, அடுத்து 'இலை' நிரை.
இலைக்/குத் – புளிமா, அடுத்து 'துளி' நிரை.
துளி/நீ/ரும் – புளிமாங்காய், அடுத்து 'காற்' நேர்.
காற்/றும் – தேமா, அடுத்து 'விருந்' நிரை.
விருந்/து – பிறப்பு.

எதுகை ஒளி–துளி, முதலடியில் ஒ–உ பொழிப்பு மோனை (முதல் சீரும் மூன்றாம் சீரும் முதலெழுத்தில் ஒன்றுவது). இரண்டாம் அடி மோனை இல்லாமல் வெறிச்சென்று இருக்கிறது. 'உலை' என்று சொல்லிவிட்டு 'விருந்து' என்று விலகிப்போவதும் கொஞ்சம் உறுத்துகிறது. உலையில் வேகுவது சோறு. இப்படிப் பாருங்கள்:

ஒளிச்சேர்க்கை செய்யும் உலையாம் இலைக்குத்
துளிநீரும் சூழ்காற்றும் சோறு.

சூழ்/காற்/றும் தேமாங்காய், அதன் முன் சோறு, நேர், காசு வாய்பாடு. சகரமும் தகரமும் மோனை இனம், உயிரும் உ, ஊ, ஓ ஒரே கூட்டம். ஆக து–சூ–சோ மூன்று சீரிலும் மோனை விழுந்துவிட்டது. 'சூழ்காற்று' வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது, 'சூழ்க்காற்று' என்று எழுதிவிடாதீர்கள்.

வண்ணத்துப்பூச்சிக்குக் குறள் எழுதினால் ஒன்று கவனம். ஐந்து அசை, ஒரே சீராக நிற்காது. வண்ணத்துப் / பூச்சி என்று பிரித்தால் தேமாங்காய், தேமா, காய் முன் நேர் சரியாக வரும். 'பட்டாம்பூச்சி' என்று மாற்றினால் பட்டாம் / பூச்சி, மா முன் நேர், தளை தட்டும். பொருள் ஒன்றுதான், வெண்பாவுக்கு ஒன்று ஆகும், மற்றது ஆகாது. பாட்டுக்கு மாறாக 'பட்டாம்பூச்சி' உதவும்: சிட்டு, மொட்டு, தொட்டு என்று எதுகை குவியும்.

இலைநரம்பு:
சூழ்காற்று, சோறு இரண்டையும் எடுத்துக்கொண்டேன், மிக்க நன்றி. பாட்டின் சரணம் இப்போது இப்படி:

வேர்கள் நீரை நெளிந்தீர்க்க
வெயிலோன் பொன்னின் துளிவார்க்க
இலையின் உள்ளே ஒளிச்சேர்க்கை

மெட்டுக்காரர்:
நன்றாக வந்துவிட்டது. நெளி–துளி–ஒளி என்று ஈற்றுச் சீர்களுக்குள் எதுகையும் ஓடுகிறது. ஒரே இடம்தான் இடிக்கிறது. உங்கள் தத்தகாரம் 'தனந்தானா', இரண்டாம் எழுத்துக்குப் பின் ஒற்று உண்டு. நெளிந், ஒளிச் இரண்டிலும் ஒற்று இருக்கிறது. 'துளிவார்க்க'வில் இல்லை. பாடுகிறவர் இடத்தை நிரப்ப 'துளீவார்க்க' என்று நீட்டுவார். 'குளிர் தீர்க்க' என்று வைத்துப் பாருங்கள்:

வேர்கள் நீரை நெளிந்தீர்க்க
வெயிலோன் வந்து குளிர்தீர்க்க
இலையின் உள்ளே ஒளிச்சேர்க்கை

நிகண்டு வாசகி:
'நெளிந்தீர்க்க–குளிர்தீர்க்க' இரண்டும் 'தீர்க்க' என்றே காதில் விழும், பொருள் வேறு. மடக்குப் போல அழகாக இருக்கிறது. ஆனால் வெயில் குளிர் தீர்ப்பதாகச் சொன்னால் ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய ஒளி வரியிலிருந்து போய்விடுகிறதே? சூட்டினால்தான் இலை சமைக்கிறது என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

மெட்டுக்காரர்:
நியாயம். 'ஒளி' மூன்றாம் அடிச் சொல்லிலேயே இருக்கிறது என்றாலும், இரண்டாம் அடியிலும் அது தெரிவது நல்லது. 'வெயிலோன்' போகட்டும், 'வெளிச்சம்' வரட்டும்: 'வெளிச்சம் வந்து குளிர்தீர்க்க'. வெளிச்சம் என்பதும் குறில் + ளி. அடியின் முதலிலும் ஈற்றிலும் எதுகை ஆயிற்று.

இலைநரம்பு:
'வெயிலோன் வந்து' தடையில்லாமல் ஓடியது. 'வெளிச்சம் வந்து' பாடிப் பார்த்தேன், ஒற்றில் ஒரு தட்டு கூடுகிறது, தாளம் தப்பவில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன். 'நெளிந்தீர்க்க'வைப் பிள்ளைகளுக்கு 'நெளிந்து ஈர்க்க' என்று பிரித்து அச்சிட்டு, பாடும்போது சேர்க்கச் சொல்லிவிடுகிறேன். அடுத்து செயற்கைக்கோள் பாட்டு. முதல் அடி 'செயற்கைக்கோளின் தோளிலே', இரண்டாம் அடி 'இயற்கை' என்று தொடங்குகிறது. ஈற்றில் 'நாளிலே' வைக்கவா, 'தாளிலே' வைக்கவா?

ஒற்றெழுத்து:
இரண்டாம் அடியில் என்ன சொல்லப்போகிறீர்கள்? செயற்கைக்கோள் எடுத்தனுப்பும் வானிலைப் படமென்றால் தாளிலே. புயல் வரும் நாளை முன்பே சொல்வதென்றால் நாளிலே. 'புயல்' உங்கள் யகர எதுகையிலேயே இருப்பதால் நான் இரண்டாவதை எடுப்பேன்.